பொம்மை ரயிலும் வீட்டுக் கணிப்பொறியும்

நாம் வசிக்கும் ரிங்லெட்டுக்கு ரயில் கிடையாது, எக்காலத்தும் இருந்ததில்லை. ரயிலேற விரும்புகிறவர் மலைப்பாதையில் வளைந்து வளைந்து தாப்பாவுக்கு இறங்கி, அதற்கப்பாலுள்ள தாப்பா ரோடு ஸ்டேஷனை அடைதல் வேண்டும். அப்படியிருக்க, தேயிலைத் தோட்டத்து ஆபீசில் செக்ரோல் எழுதிக் காலங்கழிக்கும் நாம், ரயிலைப் பற்றி, அதிலும் பொம்மை ரயிலைப் பற்றி, அப்பொம்மை ரயிலை நாற்பது வருஷங்களுக்கு முந்திய வீட்டுக் கணிப்பொறிகளைக் கொண்டு நடத்திய சரித்திரத்தைப் பற்றி எழுத முன்வந்தது எதன்பொருட்டு என்று தோழர்கள் கேட்கலாம். கேட்பது நியாயமே.

சென்ற வருஷம் நமது வீட்டுத் திண்ணையில் நடந்த ஒரு சம்பாஷணையே இதற்குக் காரணம். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் நால்வரைச் சேர்த்துக்கொண்டு நாம் ஒரு பலகைமீது தண்டவாளம் பொருத்திக்கொண்டிருந்தோம். எண்பதைக் கடந்த பெரியவர் ஒருவர் வந்து நெடுநேரம் பார்த்திருந்துவிட்டு, "கிராணியாரே, நம்ம பிள்ளைங்களுக்கு எதுக்கு இந்த விளையாட்டுச் சாமான்? படிச்சு ஒரு வேலைக்குப் போனாப் போதாதா?" என்றார். அவர் கேலியாகச் சொல்லவில்லை. மனம் நொந்தே சொன்னார். அவருக்கு அன்று நாம் சரியான விடை சொல்லவில்லை. சொல்லத் தெரியவில்லை என்பதே உண்மை. அவ்விடையைச் சரித்திரத்தில் தேடிப் பார்த்ததன் பயன் இக்கட்டுரை.

மலாயாவில் 1885ஆம் வருஷம் இரண்டு காரியங்களால் நினைக்கத் தக்கது. சர்க்கார் நில அளவையாளர் வில்லியம் காமெரன் இம்மலைப் பீடபூமியைக் கண்டு குறித்தது அவ்வருஷத்தில்தான். அதே வருஷம் ஜூன் மாதம் 1-ந் தேதி தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டு துறைமுகம் வரை 8 மைல் தூரமுள்ள முதல் இருப்புப்பாதை திறக்கப்பட்டது. ஈயத்தைக் கப்பலுக்குக் கொண்டுபோவதே அதன் நோக்கம். அப்பாதையை இடுவதற்கு இலங்கையிலிருந்து பயனீர் படையினர் தருவிக்கப்பட்டனர். அன்று தொடங்கி இந்நாட்டு ரயிலுக்கும் தமிழருக்குமுள்ள தொடர்பு அறாதது. தாப்பா ரோட்டிலிருந்து தெலுக் ஆன்சன் வரை 1893-ல் ஓடத் தொடங்கிய கிளைப்பாதை இன்று இல்லை. ஆயினும் அப்பாதையோரத்து ஊர்களில் தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றன. பாதையில் கல் கொட்டியவர் தமிழர். சிலிப்பர்க் கட்டை சுமந்தவர் தமிழர். செந்தூல் பட்டறையில் இரும்பு அடித்தவருள் தமிழர் பலர். டிக்கட்டும் கணக்கும் எழுதியவருள் யாழ்ப்பாணத்தார் பலர். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் பகுதி தமிழர் வாழிடமாக வளர்ந்ததற்கு ரயில்வே குடியிருப்புகளும் ஒரு பெருங் காரணம்.

பின்னர் 1942-43ல் நடந்ததை விவரிக்க வேண்டுவதில்லை. சயாமிலுள்ள பான்பொங் முதல் பர்மாவிலுள்ள தன்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர் பாதை போடுவதற்கு ஜப்பானியர் தோட்டங்களினின்று தமிழரை ஏய்த்தும் பிடித்தும் லாரிகளிலும் சரக்கு வாகன்களிலும் ஏற்றிச் சென்றனர். வாந்திபேதியாலும் மலேரியாவாலும் பட்டினியாலும் மாண்டவர் பதினாயிரக் கணக்கினர். முன்சொன்ன பெரியவரின் தகப்பனார் அவ்வாறு சென்றவர், திரும்பவில்லை. ரயில் என்ற சொல் அவர் காதில் எவ்வாறு விழுமென்பதை நாம் யோசியாமல் திண்ணையில் தண்டவாளம் பூட்டிக்கொண்டிருந்தோம்.

இவ்வளவு ரயிலைக் கண்ட சமூகத்தில் ஒன்று மட்டும் குறைவாகவே பரவிற்று. ஒரே பாதையில் எதிரெதிராக வரும் வண்டிகள் மோதாமற் செல்வது எவ்வாறு? கைகாட்டியை இறக்கும் நெம்புகோலை எந்நேரத்தில் இழுக்க முடியும், எந்நேரத்தில் இழுக்கவே முடியாது? இவ்வறிவு ஸ்டேஷன் மாஸ்டர்களிடமும் கைகாட்டிக்காரர்களிடமும் இருந்தது. அதனைப் புனைந்து அமைக்கும் அறிவோ மேலுத்தியோகஸ்தர் அறையைவிட்டு வெளிவரவில்லை. தண்டவாளத்தைச் சுமந்தவனுக்கு அதன் கனம் தெரிந்தது. அதன்மேல் எந்த வண்டி எப்பொழுது வரலாமென்று தீர்மானிக்கும் முறை தெரிவிக்கப்படவில்லை.

அம்முறைதான் யாது? இங்கிலாந்தில் தார்ப் என்னுமிடத்தில் 1874-ல் ஒற்றைப் பாதையொன்றில் இரு வண்டிகளும் ஒருங்கே அனுமதிக்கப்பட்டு நேருக்கு நேர் மோதி 25 பேர் மாண்டனர். இரு ஸ்டேஷன்களுக்கிடையே சென்ற தந்திச் செய்தியில் நேர்ந்த குழப்பமே காரணம். இதன்பின் எட்வர்டு டையர் என்பவர் 1878-ல் ஒரு யந்திரத்தைச் செய்தார். இரு ஸ்டேஷன்களிலும் பெட்டிகள் இரண்டு. அவற்றுள் உலோக வில்லைகள் பல. ஒரு பெட்டியிலிருந்து ஒரு வில்லையை எடுத்துவிட்டால், அது ஏதேனும் ஒரு பெட்டிக்குள் திரும்ப வைக்கப்படும் வரை இரு பெட்டிகளும் பூட்டிக்கொள்ளும், மற்றொன்று வெளிவராது. வில்லை கையிலுள்ள டிரைவரே பாதையில் செல்லலாம். மனிதன் மறந்தாலும் பெட்டி மறவாது. இதற்கு முன்னரே, 1856-ல், ஜான் சாக்ஸ்பி என்பவர் பாயிண்டு நெம்புகோலும் கைகாட்டி நெம்புகோலும் ஒன்றையொன்று தடுத்துப் பூட்டும் முறைக்குப் பேட்டண்டு பெற்றிருந்தார். பாயிண்டு சரியாகத் திரும்பியிராவிடில் கைகாட்டி இறங்காது. கைகாட்டி இறங்கியிருக்கையில் பாயிண்டு அசையாது. "இது இவ்வாறிருந்தால் அது ஆகும், இன்றேல் ஆகாது" என்னும் தருக்கத்தை இரும்பிலே வார்த்துவைத்த வேலை அது. கணிப்பொறி செய்யும் வேலையும் இதுவே என்பதைத் தோழர்கள் இப்பொழுதே நினைவிற் கொள்க.

இவ்வித்தையைக் கற்பிக்கப் பொம்மை ரயிலே ஏற்றதென்று ரயில்வே கம்பெனிகளே கண்டன. லாங்காஷயர் - யார்க்ஷயர் ரயில்வேயார் மாஞ்செஸ்டர் விக்டோரியா ஸ்டேஷனில் 1912-ல் கைகாட்டிப் பள்ளிக்கென்று ஒரு மாதிரிப் பாதை அமைத்தனர். அது இன்று யார்க் நகரத்து ரயில்வே மியூசியத்தைச் சேர்ந்தது. இந்தியாவின் ரயில்வே பயிற்சிப் பள்ளிகளிலும் 'மாடல் ரூம்' என்று ஓர் அறை உண்டு. அங்கே மீசை வைத்த பெரிய மனிதர்கள் பொம்மை ரயிலை வைத்துக்கொண்டு படிக்கின்றனர். ஆகவே விளையாட்டுச் சாமான் என்று தள்ளும் முன் சிறிது நிதானித்தல் நலம்.

வீட்டுப் பொம்மை ரயிலின் கதை வேறு. அது செல்வர் வீட்டுப் பொருள். ஜெர்மனியில் மார்க்லின் கம்பெனியார் 1891-ல் லைப்ஸிக் சந்தையில் தண்டவாளத்தோடு கூடிய விசை ரயிலைக் காட்சிக்கு வைத்தனர். லிவர்பூலில் ஆபீஸ் குமாஸ்தாவாயிருந்த பிராங்க் ஹார்ன்பி (நம் ஜாதிக்காரர் என்று பெருமைப்படலாம், குமாஸ்தா ஜாதியைச் சொல்கிறோம்) 1901-ல் மெக்கானோ என்னும் துளையிட்ட தகட்டு விளையாட்டுக்குப் பேட்டண்டு பெற்றார். 1920-ல் அவர் கம்பெனியின் ரயில்கள் வெளிவந்தன. அவர் இறந்தபின் 1938-ல் சிறிய அளவுள்ள 'டப்ளோ' ரயில் வந்தது. அதன் இரு தண்டவாளங்களுக்கிடையே 16.5 மில்லிமீட்டர், உண்மை ரயிலில் ஏறக்குறைய 76-ல் ஒரு பங்கு அளவு.

இந்த மின்சார ரயிலில் ஒரு பெருந் தொல்லையுண்டு. மின்சாரம் தண்டவாளத்தின் வழியாகச் செல்வதால், ஒரே பாதையில் இரண்டு எஞ்சின்களை வைத்தால் இரண்டும் சேர்ந்தே ஓடும், சேர்ந்தே நிற்கும். ஒன்றை நிறுத்தி மற்றொன்றை ஓட்ட வேண்டுமானால் பாதையைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனி கம்பியும் ஸ்விட்சும் வைக்க வேண்டும். துண்டுகள் பத்தானால் ஸ்விட்சுகள் பத்து. வண்டிகள் மூன்றானால் கைகள் போதா. இத்தொல்லையினின்றே பின்வருவன யாவும் பிறந்தன.

அமெரிக்காவில் மாஸசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1946-ல் மாணாக்கர் ஒரு மாதிரி ரயில் சங்கம் அமைத்தனர். அதில் இரு பிரிவினர் இருந்தனர். ஒரு சாரார் பலகையின் மேலே மலையும் மரமும் வீடும் செய்து வர்ணம் பூசினர். மற்றொரு சாரார் பலகையின் கீழே படுத்துக்கொண்டு, தொலைபேசி ஆபீசுகளில் உபயோகமாகும் ரிலேக்களையும் கம்பிகளையும் பிணைத்து, எத்தனை பேர் எத்தனை வண்டிகளை ஓட்டினாலும் அவரவர் விசை அவரவர் வண்டியைத் தொடரும்படி செய்தனர். கழகத்துக்கு 1958-ல் டி.எக்ஸ்.-0 என்னும் கணிப்பொறி வந்தபோது பலகையின் கீழிருந்தவர்களே இரவெல்லாம் அதன்முன் உட்கார்ந்தனர். பீட்டர் ஸாம்ஸன் என்னும் மாணாக்கர் 1959-ல் தொகுத்த சங்கத்துச் சொற்பட்டியலில் 'ஹாக்' என்னும் சொல் இருக்கிறது. பத்திரிகைகள் இன்று திருடனுக்குச் சூட்டும் 'ஹாக்கர்' என்னும் பெயரைக் கணிப்பொறி உலகத்துக்குக் கொடுத்தவர்கள் பொம்மை ரயிலின் கீழே படுத்திருந்த பிள்ளைகள்! அச்சங்கத்தைச் சேர்ந்த ஸ்டீவ் ரஸ்ஸல் முதலானோர் 1962-ல் செய்த 'ஸ்பேஸ்வார்' என்னும் ஆட்டம் கணிப்பொறி விளையாட்டுகளுக்கெல்லாம் முன்னோடிகளுள் ஒன்று.

அந்நாளையக் கணிப்பொறி ஓர் அறையை அடைத்துக்கொண்டது; அதன் விலையோ சாமானியர் எட்டாதது. நிலைமை மாறியது 1977-ல். ஆப்பிள் 2, கொமொடோர் பெட், டி.ஆர்.எஸ்.-80 ஆகிய மூன்றும் அவ்வொரு வருஷத்தில் வெளிவந்தன. இங்கிலாந்தில் கிளைவ் சிங்க்ளேர் 1980-ல் நூறு பவுனுக்குக் குறைந்த விலையில் இஸட்.எக்ஸ்.80 என்னும் பொறியை விற்றார். 1982-ல் அவரது ஸ்பெக்ட்ரம் 125 பவுனுக்கு வந்தது. கேம்பிரிட்ஜிலுள்ள ஏகார்ன் கம்பெனியார் பி.பி.ஸி. என்னும் ஒலிபரப்பு ஸ்தாபனத்தின் கணிப்பொறிக் கல்வித் திட்டத்துக்காகச் செய்த பி.பி.ஸி. மைக்ரோ 1981 டிசம்பரில் வெளியாயிற்று. அதை அமைத்தவருள் முக்கியமானோர் ஸ்டீவ் பர்பரும் சோபி வில்ஸனும். கொமொடோர் 64 வந்தது 1982-ல். இவற்றை டெலிவிஷன் பெட்டியோடு இணைத்து, பாட்டுக் கேட்கும் காஸெட்டில் புரோகிராமைச் சேமித்து, வீட்டு மேஜையில் வைத்து உபயோகித்தனர். பி.பி.ஸி. மைக்ரோ 'பி' மாதிரியின் நினைவகம் 32 கிலோபைட்டு. இக்கட்டுரை போல் ஒன்றிரண்டு எழுதினால் அது நிறைந்துவிடும்.

இனி, இவ்வற்பப் பொறி ரயிலை நடத்துவது எங்ஙனம் என்பதைச் சொல்ல வேண்டும். நாம் கணிதத்தையும் விஞ்ஞானத்தையும் ஆங்கிலத்திலே படித்தவர்கள். 'பைனரி' என்னும் சொல் நமக்கு ஆங்கிலத்திலேயே வந்தது; பரீட்சையில் அதற்கு மார்க்கும் வாங்கினோம். பிள்ளைகளுக்கு அதைத் தமிழிற் சொல்லப் புகுந்தபோதுதான் அது நமக்கே விளங்கியிருக்கவில்லை என்பது தெரிந்தது. இரண்டு நாள் தவித்தபின் கைகொடுத்தது நமது செக்ரோல் புஸ்தகம்.

காலைப் பெரட்டில் எட்டுப் பேர் நிற்கவேண்டிய ஒரு வரிசையை எண்ணிக்கொள்ளுங்கள். வந்தவருக்கு 1, வராதவருக்கு 0. எட்டுப் பேருக்கும் எட்டுக் கட்டங்கள். எவரெவர் வந்தனர் என்பதை ஒரே எண்ணாற் சொல்ல முடியுமா? முடியும். முதலாமவருக்கு 1, இரண்டாமவருக்கு 2, மூன்றாமவருக்கு 4, பின் 8, 16, 32, 64, 128 என்று இரட்டித்து இரட்டித்து மதிப்புக் கொடுங்கள். முதலாமவரும் மூன்றாமவரும் மட்டும் வந்திருந்தால் 1-ம் 4-ம் சேர்ந்து 5. எட்டுப் பேரும் வந்திருந்தால் 255. ஒருவரும் வராவிட்டால் 0. ஆக 256 விதமான பெரட்டுகள். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண், ஓர் எண்ணுக்கு ஒரே பெரட்டு. 5 என்று எழுதிவைத்தால் எவரெவர் வந்தாரென்பதில் ஐயத்துக்கு இடமேயில்லை.

பி.பி.ஸி. மைக்ரோவின் அடிப்பாகத்தில் 'யூஸர் போர்ட்டு' என்று ஒரு வாயில் உண்டு. அதில் உபயோகிப்போருக்கென்று எட்டுக் கம்பிகள் விடப்பட்டிருக்கின்றன. கணிப்பொறியின் நினைவகத்தில் குறித்த ஒரு விலாசத்தில் 5 என்று எழுதினால், முதற் கம்பியிலும் மூன்றாங் கம்பியிலும் 5 வோல்ட்டு தோன்றும், மற்றவை வெறுமையாயிருக்கும். அவ்வளவே சூக்ஷ்மம். எழுத்து மின்சாரமாகிறது. அக்கம்பிகளையே உள்ளே வாங்கும் கம்பிகளாகவும் அமைத்துக்கொள்ளலாம். அப்பொழுது வெளியே நடப்பது எண்ணாக உள்ளே வரும்.

ஆனால் அக்கம்பியில் வரும் மின்சாரம் ஒரு சிறு விளக்கை ஏற்றவும் போதாது. 12 வோல்ட்டு எஞ்சினை நேரே அதில் மாட்டினால் எஞ்சின் ஓடாது, கணிப்பொறிதான் ஒழியும். ஆதலால் இடையே ஒரு டிரான்ஸிஸ்டரும் ரிலேயும் வேண்டும். துரை நேரே வந்து கூடை தூக்குவதில்லை. துரை தலையசைத்தால் மண்டோர் குரல் கொடுப்பார், வேலை நடக்கும். கணிப்பொறி தலையசைக்கும் துரை, ரிலே மண்டோர். பாயிண்டைத் திருப்புவது ஒரு காந்தச் சுருள். அதற்கு நொடிப்பொழுது மட்டும் பலத்த மின்சாரம் கொடுத்து உடனே நிறுத்த வேண்டும். நிறுத்தாவிடில் சுருள் கருகும். இதற்காக ஒரு கண்டென்ஸரில் மின்சாரத்தைத் தேக்கி ஒரே மூச்சில் விடுவது வழக்கம். வண்டி எங்கே வந்திருக்கிறதென்பதை அறிய, எஞ்சினின் வயிற்றில் சிறு காந்தத்தை ஒட்டி, பாதையின் நடுவே கண்ணாடிக் குழாயிலடைத்த மெல்லிய ஸ்விட்சுகளைப் புதைப்பர். காந்தம் மேலே கடக்கையில் ஸ்விட்சு மூடிக்கொள்ளும். கணிப்பொறிக்குச் செய்தி எட்டும்.

இவ்வளவு பழைய மந்தப் பொறி இதற்குப் போதுமா என்பது பலரும் கேட்கும் கேள்வி. தாராளமாகப் போதும். பொம்மை எஞ்சின் விநாடிக்கு 30 சென்டிமீட்டர் ஓடுவதாகக் கொள்வோம். 76 மடங்காகப் பெருக்கினால் அது மணிக்கு ஏறக்குறைய 82 கிலோமீட்டர், அதாவது நல்ல பாஸஞ்சர் வண்டியின் வேகம். ஒரு விநாடியில் நூற்றில் ஒரு பங்கு நேரத்தில் அது நகர்வது 3 மில்லிமீட்டர். பி.பி.ஸி. மைக்ரோவின் இருதயம் விநாடிக்கு இருபது லட்சம் முறை துடிக்கிறது. அதற்கு இவ்வண்டி நத்தை.

எண்பதுகளில் ஐரோப்பாவெங்கும் பொழுதுபோக்காளர் தத்தம் வீட்டு மாடியிலும் கொட்டகையிலும் இவ்வாறு செய்தனர். மாதப் பத்திரிகைகளில் சுற்றுப் படங்களும் புரோகிராம் வரிகளும் அச்சாயின. வாசகர் அவற்றை ஒவ்வோரெழுத்தாகத் தாமே தட்டச்சுச் செய்தனர். கம்பெனிகளும் சும்மாயிருக்கவில்லை. ஹார்ன்பியார் 'ஸீரோ 1' என்னும் முறையைக் கொண்டுவந்தனர். ஒவ்வோர் எஞ்சினுக்குள்ளும் ஒரு சிறு சில்லு வைத்து, ஒரே தண்டவாளத்தில் 16 எஞ்சின்களைத் தனித்தனியே ஆளும் முறை அது. மார்க்லினார் எண்பதுகளின் நடுவில் 80 எஞ்சின்களுக்கு இலக்கமிட்டு ஆளும் முறையை வெளியிட்டு, வீட்டுக் கணிப்பொறியோடு இணைக்க ஒரு பெட்டியையும் விற்றனர். பின்னர் ஜெர்மானியரான பெர்ண்டு லென்ஸ் வகுத்த முறையைத் தழுவி அமெரிக்க மாதிரி ரயில் சங்கத்தார் தொண்ணூறுகளில் ஒரு பொது விதியை ஏற்படுத்தினர். எல்லாம் கடையில் கிடைக்கலாயின. பலகையின் கீழே படுக்கவேண்டிய அவசியம் நீங்கிற்று. அதனோடு கற்கவேண்டிய அவசியமும் பெரும்பாலும் நீங்கிற்று. இது நமது அபிப்பிராயம், மறுப்போர் உளர்.

தமிழகத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தமெனில், இருவகையிலுண்டு. இந்திய சர்க்கார் 1984-ல் 'கிளாஸ்' என்ற பெயரில் ஒரு பள்ளிக் கணிப்பொறித் திட்டத்தைத் தொடங்கி, முதலில் ஏறக்குறைய 250 பள்ளிகளுக்கு இந்த பி.பி.ஸி. மைக்ரோவையே கொடுத்தனர். எட்டுக் கம்பி வாயில் இந்தியப் பள்ளிக்கூடங்களுக்குள் வந்துவிட்டதென்பது இதன் பொருள். ஆயினும் ஒரு பொறிக்கு மாணாக்கர் மிகப் பலர். பயிற்சி பெற்ற ஆசிரியரோ மிகச் சிலர். பொறியின் பின்புறத்தைத் திருப்பிப் பார்க்க எத்தனை பிள்ளைகளுக்கு அனுமதி கிடைத்திருக்கும்!

மற்றொன்று இதனினும் வியப்புக்குரியது. பொம்மை ரயிலில் வீட்டுக் கணிப்பொறி செய்ததை உண்மை ரயிலிற் செய்யத் துணிந்தனர். பிரிட்டிஷ் ரயில்வேயார் 1985-ல் லெமிங்டன் ஸ்பா ஸ்டேஷனில் இரும்பு நெம்புகோல்களுக்கும் ரிலேக்களுக்கும் பதிலாக நுண்சில்லுகளால் பாயிண்டையும் கைகாட்டியையும் பூட்டும் முறையை ஏற்படுத்தினர். அச்சில்லுகள் அக்காலத்து வீட்டுக் கணிப்பொறிச் சில்லுகளின் தலைமுறையைச் சேர்ந்தவையே. வேறுபாடு ஒன்றுதான். வீட்டில் ஒரு பொறி. அங்கே ஒரே வேலைக்கு மூன்று. மூன்றும் தனித்தனியே கணக்கிட்டு ஒப்பிட்டுப் பார்க்கும். ஒன்று மாறுபட்டால் மற்ற இரண்டும் சேர்ந்து அதனை விலக்கிவிட்டு வேலையை நடத்தும். இரண்டுக்குள்ளும் பேதம் வந்தால் கைகாட்டி சிவப்பிலே நிற்கும். பொம்மை எஞ்சின்கள் மோதினால் பிள்ளைகள் சிரிப்பர். தார்ப்பில் மோதியபோது சிரித்தவர் எவருமில்லை.

இந்தியாவில் இவ்வகைச் சில்லுப் பூட்டு முதன்முதல் அமைந்த ஸ்டேஷன் எது? பம்பாயுமன்று, டில்லியுமன்று. திருச்சிராப்பள்ளிக்கு அடுத்த ஸ்ரீரங்கம்! வருஷம் 1987. கோபுர தரிசனத்துக்கு வந்திறங்கிய லட்சோபலட்சம் ஜனங்களில் எத்தனை பேர், தம் வண்டியை உள்ளே விட்டது நகத்தளவுச் சில்லென்று அறிந்திருப்பர்? நம்மவர் பலருக்குத் திருச்சி ஜில்லா பூர்வீகம், நாமும் அவ்வழியே சென்றிருக்கிறோம், அறியாமலே சென்றோம்.

இப்பொழுது திண்ணைக்குத் திரும்புவோம். நாம் இங்கிலாந்திலிருந்து தபால் மூலம் தருவித்த கணிப்பொறி நம்மைவிட மூத்தது. அங்கத்திய பிளக்கும் நமது பிளக்கும் ஒன்றே ஆனபடியால் ஆவலாதியாக நேரே சுவரில் மாட்டினோம். பத்து நிமிஷத்தில் வெடிச்சத்தமும், மீன் கருகியது போன்ற நாற்றமும், வெண்புகையும்! நாற்பது வருஷம் கிடந்த பொறியின் மின்சாரப் பெட்டியில் பழைய கண்டென்ஸரை மாற்றிவிட்டே மாட்ட வேண்டுமென்று தெரிந்தவர்கள் எழுதியிருக்கின்றனர். படியாதது நம் குற்றம். தாப்பாவில் ரேடியோ பழுது பார்க்கும் ஒருவர் ஒரு வெள்ளிக்கும் குறைந்த சாமானை மாற்றிக்கொடுத்தார். பொறி உயிர் பெற்றது.

பாதை எளியது: ஒரு வட்டம், அதில் ஒதுங்கி நிற்க ஒரு கிளை, இரண்டு பாயிண்டு, நான்கு துண்டு, இரண்டு எஞ்சின். வலமாக வரும் வண்டிக்கு 'மேல்வண்டி' என்றும், இடமாக வருவதற்குக் 'கீழ்வண்டி' என்றும் பெயரிட்டோம். ஒற்றைத் துண்டுக்குள் நுழைய எவ்வண்டி கேட்டாலும், துண்டு காலியாயிருந்தால் விடு, இன்றேல் நிறுத்து என்பதே புரோகிராம். டையருடைய வில்லைப் பெட்டியை எட்டு வரியில் எழுதினோம் என்று நமக்குச் சிறிது கர்வமும் இருந்தது.

தேயிலைப் பாக்டரியில் வேலை செய்யும் ஓர் அம்மாளின் மகள், பதின்மூன்று வயதினள், நான்கு நாள் ஒரு வார்த்தையும் பேசாமல் நோட்டில் கோடு கிழித்துக்கொண்டிருந்தாள். ஐந்தாம் நாள், "சார், ரெண்டும் ஒண்ணா வந்து கேட்டா எப்பவும் மேல்வண்டிதான் போகுது. கீழ்வண்டி ஒரு தடவைகூட முதல்ல போகலை" என்றாள். நாம் தற்செயல் என்றோம். அவள் நோட்டைக் காட்டினாள். முப்பத்தொரு முறை இரண்டும் ஒருங்கே வந்திருக்கின்றன. முப்பத்தொரு முறையும் மேல்வண்டியே முந்தியிருக்கிறது. நாம் புரோகிராமைப் படித்துப் பார்த்தோம். மேல்வண்டி கேட்கிறதா என்னும் வரியை முதலிலும், கீழ்வண்டி கேட்கிறதா என்பதை அடுத்தும் எழுதியிருந்தோம். பொறி முதல் வரியை முதலிற் படிக்கும். இரண்டாம் வரிக்கு வருமுன் துண்டு நிறைந்துவிடும். எந்த வண்டிக்கும் நாம் சலுகை செய்ய நினைக்கவேயில்லை. எழுதிய வரிசையே சலுகையாகிவிட்டது. "நீங்க எழுதினதாலதானே சார்?" என்றாள் அவள். நாம் செக்ரோலை நினைத்துக்கொண்டோம். அதிலும் சில பெயர்கள் எப்பொழுதும் மேலே இருக்கின்றன.

அவளே அதைத் திருத்தினாள். சென்ற முறை எவ்வண்டிக்கு விடப்பட்டதென்பதை ஒரு சிறு எண்ணில் குறித்துவைத்து, அடுத்த முறை இரண்டும் ஒருங்கே கேட்டால் மற்றதற்குக் கொடு என்று இரண்டு வரி சேர்த்தாள். நமது எட்டு வரி பத்தாயிற்று. ஒற்றைத் துண்டில் இப்பொழுது வண்டிகள் முறைவைத்துச் செல்கின்றன.

முன்சொன்ன பெரியவர் ஒரு சனிக்கிழமை மாலை மறுபடியும் வந்தார். நாற்காலி போட்டோம், உட்கார்ந்து, கீழ்வண்டி கிளையில் ஒதுங்கி நிற்பதையும் மேல்வண்டி கடப்பதையும் வெகுநேரம் பார்த்தார். பின்பு அப்பெண்ணை நோக்கி, "ஓட்டத் தெரியுது, சரி. நிறுத்தத் தெரியுமா, கண்ணு?" என்றார். "தெரியும் தாத்தா" என்று அவள் ஒரு விசையை அழுத்தினாள். இரண்டு வண்டிகளும் நின்றன. "சரி, விடு" என்றார் பெரியவர். அதன்பின் அவர் பலமுறை வந்திருக்கிறார். சயாம் பேச்சை எடுத்ததில்லை, நாமும் கேட்டதில்லை. விளையாட்டுச் சாமான் என்பதையும் அவர் விட்டபாடில்லை.

இம்மலையில் ஈரம் அதிகம். இரண்டு நாள் மூடுபனி படிந்தால் தண்டவாளம் கறுத்து எஞ்சின் திக்கித் திக்கி நிற்கிறது. சனிக்கிழமைதோறும் வண்டிகளை இறக்கிவைத்து ஸ்பிரிட்டு நனைத்த துணியால் துடைக்க வேண்டியிருக்கிறது. மூன்றாம் துண்டிலுள்ள கண்ணாடி ஸ்விட்சு ஒன்று உடைந்துவிட்டது. தபாலில் எழுதியிருக்கிறோம், இன்னும் வரவில்லை.